பணத்துக்காகக் குத்துச்சண்டை போடப் போகும் தம்பிகளுக்கு: பாங்காக்கில் நான் பட்டது

2024 ஆகஸ்டில் பாங்காக்கில் நடந்த எட்டு ரவுண்டுப் போட்டி ஒன்றின் நான்காவது ரவுண்டில் நான் நாக்அவுட் ஆனேன். அந்த அடி எந்தக் கையிலிருந்து வந்தது என்பது இன்றுவரை எனக்கு நினைவில் இல்லை. பிறகு வீடியோவில் பார்த்துத்தான் அது இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து, என்று தெரிந்துகொண்டேன். அந்தப் பயணத்தால் என் அக்காவின் சங்கிலி அடகுக்குப் போனது, நான்கு மாதச் சம்பளம் போனது, தலைக்குள் என்ன நடக்கிறதோ என்ற பயத்தில் பல இரவுகள் தூக்கம் போனது. யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்தேன். சென்ற மாதம் எங்கள் பகுதிப் பையன் ஒருவனுக்கு, எனக்கு வந்ததைப் போலவே ஓர் அழைப்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த விளையாட்டின் மீது எனக்கு இருந்த, இன்னமும் இருக்கிற ஆசையை மறைத்துவிட்டுக் கெட்டதை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். நான் காசிமேட்டில் பிறந்தவன். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்ற குத்துச்சண்டைக் குழுக்களின் பெயர்களைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே கேட்டு வளர்ந்தவன். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது அந்தக் கூட்டத்தில் பதினைந்து வயதுப் பையனாக என் அப்பாவும் இருந்தார். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்று அலியின் கால் நகர்வைச் செய்து காட்டுவார். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்து வளைந்த முதுகு அந்த ஒரு நிமிடம் நிமிர்ந்துவிடும். இரவு எட்டு மணிக்கு வண்டியில் போனால் நிறுத்திப் பெயர், அப்பா பெயர், எந்த ஏரியா என்று போலீஸ் விசாரிக்கும் வாழ்க்கை எங்களுடையது. அதே பெயரை மைக்கில் ஒருவர் நிறுத்தி நிதானமாகச் சொல்ல, வெளிச்சம் முழுவதும் நம் மீது விழ, கையுறையை உயர்த்தி நாலு பக்கமும் திரும்பி நிற்கும் அந்தச் சில விநாடிகளுக்காக எதையும் கொடுக்கலாம் என்று தோன்றும். தரகர்கள் விலைக்கு வாங்குவது இந்த ஆசையைத்தான்.

அமெச்சூர் போட்டிகளில் பத்து ஆண்டுகள் அடித்தேன். மாநில அளவில் இரண்டு பதக்கங்கள் கிடைத்தன; விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கவில்லை. இருபத்தாறு வயதில் ஒரு ஜிம்மில் மாதம் பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் வட இந்தியாவிலிருந்து ஒருவர் பேசினார். தன்னை மேனேஜர் என்று சொல்லிக்கொண்ட அவர் நன்றாகத் தமிழ் பேசினார். "தம்பி, அமெச்சூர்ல எத்தனை வருஷம் அடிச்சாலும் கப்புதான். ப்ரோவுல அடிச்சாதான் காசு. விஜேந்தர் சிங்கைப் பாரு" என்றார். விஜேந்தர் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கி 2015இல் தொழில்முறைக்கு மாறியவர். அவரோடு என்னை ஒப்பிட்டுப் பேசியதும் எனக்கு அறிவு மயங்கிவிட்டது. ஒலிம்பிக் பதக்கத்தோடு வருபவனுக்குப் பெரிய நிறுவனம் பின்னால் நிற்கும், எதிராளிகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் படிப்படியாக ஏற்றிவிடும். இந்தத் தொழிலில் வளர்க்கப்படுகிறவர்கள் என்றும், அவர்களை வளர்க்கப் பயன்படுகிறவர்கள் என்றும் இரண்டு சாதி உண்டு. அந்த மனிதர் என்னை எந்தக் கணக்கில் வைத்துப் பேசினார் என்று கேட்கும் புத்தி அன்று எனக்கு இல்லை.

லைசென்ஸ் வாங்க ரத்தப் பரிசோதனைகள், கண் பரிசோதனை, மூளை ஸ்கேன் எல்லாம் வேண்டும் என்றார்கள். "இரண்டாயிரம் ரூபாய் குடு, ரிப்போர்ட்டை நானே ரெடி பண்ணித் தரேன்" என்று மேனேஜர் சொன்னபோதே நான் விலகியிருக்க வேண்டும். எங்கள் மாஸ்டர் கண்டிப்பாகச் சொன்னதால் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய் செலவழித்து எல்லாவற்றையும் உண்மையாகவே எடுத்தேன். அப்போது எடுத்த எம்.ஆர்.ஐ. படம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது என்பதால் சொல்கிறேன்: பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சப்படுத்துங்கள், தலை ஸ்கேனில் வேண்டாம். அந்த சிடியைப் பத்திரமாக வைத்திருங்கள். அடிபட்ட பிறகு எடுக்கும் படத்தை ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவர்களுக்கு அது தேவைப்படும்.

முதல் போட்டி டில்லி பக்கம் நடந்தது. நாலு ரவுண்டு, என்னைப் போலவே முதல் முறை வந்த ஒரு பையன், நான் ஜெயித்தேன். பதினைந்தாயிரம் பேசி, ரயில், தங்குமிடம், லைசென்ஸ் என்று கழித்து எட்டாயிரம் கொடுத்தார்கள். ஜெயித்த மகிழ்ச்சியில் கணக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது போட்டிக்கு 2024 மார்ச்சில் பாங்காக் போனேன். தாய்லாந்துக்கு அப்போது நம்மவர்களுக்கு விசா தேவையில்லை என்பதால் சுற்றுலாப் பயணியைப் போலவே இறங்கினேன். விமான நிலையத்தில் வரவேற்க வந்தவர் "பதிவுக்கு வேண்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, போட்டி முடிந்த மறுநாள்தான் திருப்பிக் கொடுத்தார். அந்த நாலு நாட்களில் எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் கிளம்ப முடியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பதிவுக்கு நகல் போதும். மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரு வணிக வளாகத்தின் முற்றத்தில் ரிங் போட்டிருந்தார்கள். ஆறு ரவுண்டு முழுவதும் நின்றேன். மூன்று ரவுண்டுகள் என்னுடையவை என்று இன்றும் நம்புகிறேன். ஒரு நடுவர்கூட ஒரு ரவுண்டுக்கு மேல் எனக்குக் கொடுக்கவில்லை. முந்நூறு டாலர் என்று பேசியதில் மேனேஜருக்கு முப்பது சதவீதம், இடைவேளைகளில் என்னைக் கவனிக்க ரிங்கின் மூலையில் நின்றவருக்கு நாலாயிரம் என்று போய்ப் பதின்மூவாயிரம் ரூபாய் கைக்கு வந்தது. மூலையில் நின்றவர் எனக்குத் தெரியாத ஆள். ரவுண்டுக்கு நடுவே தாய் மொழியில் ஏதோ சொன்னார், எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இது எவ்வளவு ஆபத்து என்பது அடுத்த போட்டியில்தான் தெரிந்தது.

மூன்றாவது அழைப்பு ஆகஸ்டில், போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்தது. எட்டு ரவுண்டு, அறுநூறு டாலர், எடை 63.5 கிலோ. அன்று காலை நான் 69 கிலோ இருந்தேன். "ஒரு வாரம் தண்ணியைக் குறைச்சா வந்துரும் தம்பி, எல்லாரும் பண்றதுதான்" என்றார். எல்லோரும் செய்வது உண்மைதான். ஆறு வாரம் எடுத்துக்கொண்டு கொழுப்பைக் குறைப்பது வேறு, பத்து நாளில் உடம்பின் நீரைப் பிழிந்தெடுப்பது வேறு. கடைசி இரண்டு நாட்கள் பிளாஸ்டிக் உடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பாங்காக் வெயிலில் ஓடி, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தேன். எடை பார்க்கும் காலையில் எச்சிலும் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையில் தோலைக் கிள்ளிவிட்டால் அது மெதுவாகத்தான் திரும்பியது. தராசில் 63.4 காட்டியபோது பெருமையாகக்கூட இருந்தது. எதிராளி மூன்று மாதமாக இந்தப் போட்டிக்காகவே பயிற்சி எடுத்தவன், முகத்தில் வாட்டமே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றான்.

அன்று இரவு அறையில் என்னுடன் தங்கியிருந்த மணிப்பூர்ப் பையன், அவனும் மறுநாள் அடிக்க வந்தவன், தன் கைப்பேசியில், குத்துச்சண்டை வீரர்களின் வெற்றி தோல்விகளைப் பதிந்து வைக்கும் பாக்ஸ்ரெக் தளத்தைத் திறந்து என் எதிராளியின் பக்கத்தைக் காட்டினான். பதினொரு போட்டி, பதினொரு வெற்றி. அந்தப் பதினொருவரில் ஒன்பது பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், அதில் ஆறு பேர் நம் நாட்டுக்காரர்கள். ஒவ்வொரு பெயரையும் தொட்டுப் பார்த்தால் அவர்களில் பலர் அதற்கு முன்பும் தோற்றிருந்தார்கள், அதற்குப் பின்பும் தோற்றிருந்தார்கள். "அண்ணா, பன்னிரண்டாவது நீங்கள்" என்று அவன் இந்தியில் சொன்னபோது அதில் கேலி இல்லை. அவன் தன் எதிராளியின் பக்கத்தையும் காட்டினான். அதுவும் அப்படியே இருந்தது.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் பிறகு நிதானமாகப் புரிந்துகொண்டேன். தொழில்முறைக் குத்துச்சண்டையில் டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நாலு பெரிய அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் உலகப் பட்டத்துக்குக் கீழே வட்டாரப் பட்டங்களையும் தரவரிசைகளையும் வைத்திருக்கிறது. தோல்வியே இல்லாத பட்டியல் இருந்தால் தரவரிசையில் ஏறலாம், ஏறினால் பட்டப் போட்டி கிடைக்கும், பட்டப் போட்டியில் தோற்றாலும் பணம் உண்டு. ஆகவே போட்டிகளை நடத்தும் ஒரு ப்ரமோட்டருக்குத் தன் பையனின் வெற்றிகள் முதலீடு. அந்த வெற்றிகளை உற்பத்தி செய்ய என்னைப் போன்றவர்கள் தேவை. தரவரிசையையே காசுக்கு விற்ற கதையும் உண்டு: ஐ.பி.எஃப். அமைப்பின் நிறுவனர் ராபர்ட் லீ மீது லஞ்சம் வாங்கித் தரவரிசையைத் திருத்தியதாக 1999இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டு, சில குற்றச்சாட்டுகள் நிரூபணமாகி அவர் சிறைக்கும் போனார். அதற்கு முன்பு 1947இல் நியூயார்க்கில் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதாக அமெரிக்க வீரர் ஜேக் லமோட்டா பின்னாளில் அந்நாட்டு செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். தோற்றால்தான் பட்டப் போட்டி கிடைக்கும் என்ற நிலைமையில் தோற்றதாகச் சொன்னார். குத்துச்சண்டையில் ஊழல் என்றதும் நாம் நினைப்பது இப்படிப்பட்ட பேரத்தைத்தான். என்னிடம் யாரும் தோற்கச் சொல்லவில்லை. யாரும் பெட்டியில் பணம் கொண்டுவரவில்லை. பத்து நாள் அவகாசம், ஐந்தரைக் கிலோ எடைக் குறைப்பு, மொழி தெரியாத மூலைக்காரர், உள்ளூர் நடுவர்கள் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே அடுக்கி வைத்துவிட்டால், பிறகு யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அதில் ஒன்றுகூட விதிமீறலாக எழுத்தில் இருக்காது.

ஆகவே உங்களுக்கு ஒரு போட்டி வந்தால், பணம் எவ்வளவு என்று கேட்கும் முன் எதிராளியின் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரைப் பாக்ஸ்ரெக்கில் போட்டு, அவனிடம் தோற்றவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எந்த ரவுண்டில் விழுந்தார்கள், அதன் பிறகு எத்தனை நாளில் மறுபடி ஏறினார்கள் என்று பாருங்கள். அரை மணி நேர வேலை. பெயரைச் சொல்ல மறுத்தாலோ கடைசி நேரத்தில் மாற்றினாலோ, போக வேண்டாம்.

போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. முதல் இரண்டு ரவுண்டுகள் என் ஜாப், அதாவது முன் கையை நீட்டி அடிக்கும் நேர் குத்து, சரியாகப் போனது. மூன்றாவதில் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. வயிற்றில் வாங்கிய அடிகளால், முகத்தைக் காக்க உயர்த்தியிருந்த கைகள் இறங்கத் தொடங்கின. இடைவேளையில் மூலைக்காரர் முகத்தில் ஐஸ் வைத்து முதுகில் தட்டி எழுப்பிவிட்டார். எங்கள் மாஸ்டர் அங்கே இருந்திருந்தால் அப்போதே போட்டியை நிறுத்தச் சொல்லி டவலைப் போட்டிருப்பார் என்பது வீடியோவைப் பார்த்தால் தெரிகிறது. உங்களை அறிந்த ஒருவர் மூலையில் இல்லாமல் ரிங் ஏறாதீர்கள். அவருடைய டிக்கெட்டுக்கு நீங்களே கடன் வாங்கினாலும் அது வீண் செலவு ஆகாது.

விழுந்த பிறகு ஒரு மருத்துவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, பெயர் கேட்டு, போகச் சொல்லிவிட்டார். விடுதிக்கு ஒரு வேனில் அனுப்பினார்கள். இரவு பதினொன்றரைக்குத் தலைவலி ஆரம்பித்தது. பல முறை அடி வாங்கி எனக்குத் தலைவலி பழக்கம்தான். ஆனால் இது நிமிடத்துக்கு நிமிடம் ஏறியது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். தூங்கினால் சரியாகிவிடும் என்று படுத்தேன். மணிப்பூர்ப் பையன் என்னைத் தூங்கவிடவில்லை. ஏதோ கேட்டிருக்கிறான், நான் குழறியபடி தமிழில் பதில் சொல்லியிருக்கிறேன். மேனேஜருக்கு ஆறு முறை அழைத்தும் அவர் எடுக்காததால், அவனே ஒரு டாக்சி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். அவன் அன்று தானும் தோற்று, புருவத்தில் தையலோடு இருந்தவன்.

சி.டி. ஸ்கேனில் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்லிய ரத்தக் கசிவு தெரிந்தது. தலை வேகமாகத் திரும்பும்போது அந்த இடத்தில் ஓடும் சிறு நாளங்கள் இழுபட்டு அறுந்துபோகும் என்றும், உடம்பில் நீர் வற்றியிருந்தால் ஆபத்து கூடும் என்றும், தூங்கியிருந்தால் காலையில் எழாமல் போயிருக்கலாம் என்றும் மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். இரண்டு இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் மாஸ்டர் அனுப்பிய என் பழைய எம்.ஆர்.ஐ. படத்தோடு ஒப்பிட்டு, கசிவு புதியது, பெருகவில்லை, அறுவை தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், குழறல், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், அடி வாங்கியவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.

1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் மோதிய தென் கொரியாவின் கிம் டுக்-கூ, எடையைக் கடும்பாடு பட்டுக் குறைத்துவிட்டு வந்து, பதினான்காவது ரவுண்டில் விழுந்து, மூளையில் ரத்தம் கட்டி சில நாட்களில் இறந்தார். அதன் பிறகுதான் பட்டப் போட்டிகள் பதினைந்து ரவுண்டிலிருந்து பன்னிரண்டாகக் குறையத் தொடங்கின. 1991இல் லண்டனில் கிறிஸ் யூபாங்குடன் மோதிய மைக்கேல் வாட்சனுக்கு ரிங்கருகே உடனடி சிகிச்சை கிடைக்காமல் வாழ்நாள் பாதிப்பு ஏற்பட்டது. அவர் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்து ஜெயித்தார். அத்தனை பேர் பார்த்த போட்டியிலேயே அந்த நிலைமை என்றால், வணிக வளாக முற்றத்தில் நாம் எதை எதிர்பார்க்க முடியும்? ரிங்கருகே ஆம்புலன்ஸ் நிற்குமா, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், அங்கே மூளை அறுவை மருத்துவர் இருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கோபப்படுவார்கள், படட்டும்.

மருத்துவமனைப் பில் ஐம்பத்தெட்டாயிரம் பாட், நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம். கிளம்பும் முன் எடுத்த பயணக் காப்பீட்டை நம்பியிருந்தேன். தொழில்முறை விளையாட்டில் ஏற்படும் காயத்துக்குப் பொருந்தாது என்று அதில் சிறிய எழுத்தில் இருந்தது. அக்கா சங்கிலியை அடகு வைத்துப் பணம் அனுப்பினாள். இரண்டு வாரம் விமானம் ஏறக்கூடாது என்றதால் டிக்கெட் வீணாகி, புதிதாகப் பதினாலாயிரம் கொடுத்தேன். பேசிய அறுநூறு டாலரில் இருநூறுதான் கைக்கு வந்தது. மீதி இன்றுவரை வரவில்லை. நான் கையெழுத்திட்ட தாள் தாய் மொழியில் இருந்ததால் யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. மூன்று போட்டிகளில் மொத்தமாகச் சம்பாதித்தது முப்பத்தெட்டாயிரத்துக்கும் குறைவு. இழந்தது, வேலையில்லாமல் கிடந்த மாதங்களையும் சேர்த்து, இரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரம்.

திரும்பி வந்த பிறகு பல வாரங்கள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. காரணமே இல்லாமல் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அலி 1981 டிசம்பரில் கடைசிப் போட்டியில் தோற்றதும், 1984இல் அவருக்குப் பார்கின்சன் நோய் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்; ஆனால் அவர் சொல்லும் கதை எப்போதும் நேரு ஸ்டேடியத்தோடு முடிந்துவிடும். அந்த நாட்களில் அவர் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கண்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார்.

நாக்அவுட் ஆன இருபத்தாறாவது நாள் மேனேஜர் அழைத்தார். உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு, துபாயில் ஆறு ரவுண்டு இருக்கிறது, எண்ணூறு டாலர் என்றார். தலையில் ரத்தம் கசிந்ததைச் சொன்னேன். "அது யாருக்கும் தெரியாது தம்பி. ரிப்போர்ட்டை நான் பார்த்துக்கறேன்" என்றார். ஒழுங்கான அமைப்பாக இருந்தால் நாக்அவுட் ஆனவனுக்கு ஒரு மாதமோ மூன்று மாதமோ கட்டாய ஓய்வு விதித்து, ஸ்கேன் பார்த்த பிறகுதான் மறுபடி அனுமதிப்பார்கள். எனக்கு அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை. நான் போகவில்லை. ஆனால் அன்று இரவு முழுவதும் அந்த எண்ணூறு டாலரைப் பற்றி யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடன் இருந்தால் யோசனை வரும். கடனோடு இருக்கும் பையனைத்தான் அவர்கள் தேடி அழைக்கிறார்கள்.

இப்போது காலையில் காசிமேட்டில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்; மருத்துவர் சொன்னபடி ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்வதில்லை, அவர்கள் குத்துவதற்குப் பேடு மட்டும் பிடிக்கிறேன். அழைப்பு வந்த அந்தப் பையன் போன வாரம் ஒப்பந்தத்தின் படத்தைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டினான். பத்தொன்பது வயது, நல்ல வலது கை, அப்பா இல்லை. ரிங் லைட் எப்படி இருக்கும் அண்ணே என்றுதான் முதலில் கேட்டான். கண்ணைக் கூசும், ஆனால் அழகாக இருக்கும் என்று உண்மையைச் சொன்னேன். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த மேனேஜருக்கு ஒரு செய்தி தட்டினோம். எதிராளியின் முழுப் பெயர் என்ன, பாதிப் பணம் எடை பார்க்கும் முன்பே வங்கிக்கு வருமா, மூலையில் நிற்க எங்கள் மாஸ்டரை அழைத்துவரலாமா, தொழில்முறைப் போட்டிக்கான மருத்துவக் காப்பீட்டை யார் எடுக்கிறார்கள் என்று நாலு கேள்விகள் கேட்டிருக்கிறோம். இரண்டு நீலக் குறி விழுந்து ஐந்து நாட்களாகின்றன. இன்னும் பதில் வரவில்லை.